மூன்றாம் முறை கேட்டபோது

பால்மீத்தா, சினூ ஆற்றங்கரை
7 பிப்ரவரி 2016, ஞாயிறு

அன்புள்ள ஒபேத் அண்ணா,

கர்த்தருடைய சமாதானம் அந்தச் சிறைச் சுவர்களுக்குள்ளும் உனக்குக் கிடைக்கட்டும். உன் கடைவாய்ப் பல் எப்படி இருக்கிறது? சனிக்கிழமை உன்னைப் பார்க்க வரும் லீடியா அக்கா கையில் கிராம்பு கொடுத்தனுப்பினேன்.

இன்று சபையில் நான் சொல்லாமல் விட்டதை உனக்கு எழுதுகிறேன். "எனக்கு இருக்கிறது" என்று நான் சொல்லவில்லை.

நம் சபை வழக்கம் உனக்கு மறந்திருக்காது. ஞானஸ்நானம் கேட்பவர்களின் பெயரை மூன்று மாதங்கள், மாதத்தின் முதல் ஞாயிறு வாசிப்பார்கள். "இவர்மேல் யாருக்காவது குறை உண்டா?" என்று போதகர் கேட்பார். இரண்டு முறை கோயிலில், மூன்றாவது முறை ஆற்றங்கரையில், ஆள் தண்ணீருக்குள் நிற்கும்போது. குறை உள்ளவர் எழுந்து சொல்ல வேண்டும். மறைத்தால் அது பொய் சொன்னதற்குச் சமம்.

இன்று ஐந்து பெயர்கள். நான்காவது பெயர் நிகானோர் சலசார்.

போன ஆண்டு மனைவி, மகள்களுடன் ஊருக்குத் திரும்பியவன், அப்பாவின் தெப்பத்தையே வாடகைக்கு எடுத்து இழுக்கிறான். அதை முன்பே எழுதினேன். சபைக்கு வருகிறான் என்று எழுதவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுகிறான்.

அப்பாவைக் கொன்ற அன்று எனக்கு எட்டு வயது. மேசைக்கு அடியில் இருந்தேன். முகமூடி போட்டு வந்தவன் அப்பாவைக் காட்டி "இவர்தான் ஒபேத் பெர்ரீயோ" என்று சொன்ன குரல், தினமும் விடிகாலையில் வந்து "இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்துங்க" என்று கேட்ட குரல். இது தெரிந்தவர்கள் நீயும் நானும் மட்டுமே.

பயந்து சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. நான் எழுந்து சொன்னால் அவன் பாவத்தை அறிக்கையிடுவான். அறிக்கையிட்டு விசுவாசித்தால் எல்லாம் கழுவப்படும் என்பதுதான் நம் போதனை. ஒரு நல்ல செயலும் தேவையில்லை, முழுக்க முழுக்க இலவசம். அந்த இலவசம் அவனுக்குக் கிடைக்கக் கூடாது. அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு அவன் தண்ணீரில் இறங்கட்டும். நனைந்து வெளியே வரட்டும், வேறொன்றும் ஆகாமல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
கெய்லா

*

20 பிப்ரவரி

கெய்லா,

பல் போய்விட்டது. இங்கே ஒருவன் பிடுங்கினான். முன்பு அவன் மாட்டு வைத்தியனிடம் வேலை பார்த்தவனாம், "மாடு இவ்வளவு கத்தாது" என்கிறான். கிராம்பைக் காப்பியில் போட்டுக் குடித்துவிட்டோம்.

லீடியா அக்கா இதைத் தன் உள்பாடிக்குள் வைத்து எடுத்து வருகிறாள். காவலர்கள் படிக்க மாட்டார்கள், அதனால் நேராகவே எழுதுகிறேன்.

நீ புத்தகம் படித்தவள், உன் பழிவாங்கலும் புத்தகத்தில்தான் நடக்கிறது. அவன் மனதுக்குள் என்ன கழுவப்படுகிறது, என்ன கழுவப்படவில்லை என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். அப்பா அன்று தொப்பியைக் கழற்றி, தெப்பக் கம்பி கட்டியிருக்கும் கம்பி மரத்தில் மாட்டிவிட்டு நடந்து போனார். அதற்குப் பிறகு அந்தத் தொப்பியை அவர் எடுக்கவில்லை. எனக்கு அது போதும்.

இங்கே என் அறையில் இருந்த ஒருவன் அடுத்த மாதம் வெளியே போகிறான். எனக்கு உயிர்க்கடன் பட்டவன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ஞானஸ்நானம் எந்தத் தேதி, எந்தத் துறை, எத்தனை மணி. வேறெதுவும் எழுதாதே. யாரிடமும் பேசாதே, அவனிடமும் பேசாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

ஒபேத்

*

பால்மீத்தா
28 பிப்ரவரி

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். ஜெபித்த அதே கையால் இதையும் எழுதுகிறேன்.

ஏப்ரல் மூன்றாம் தேதி. காலை ஒன்பது மணி. நம் துறை, அப்பாவின் துறை.

அவன் வெள்ளை அங்கி போட்டிருப்பான். ஐந்து பேரும் வெள்ளைதான். அவன் மட்டும் இடது காலைச் சாய்த்து நடப்பான்.

இன்னொன்று. எழுதத் தெரியாதவர்களின் சாட்சியைச் சபைச் செயலாளர்தான் கேட்டு எழுத வேண்டும். ஆற்றங்கரையில் அது வாசிக்கப்படும். செயலாளர் நான். நிகானோருக்கு எழுதத் தெரியாது. மார்ச் ஒன்பதாம் தேதி வருகிறான்.

கெய்லா

*

6 மார்ச்

கெய்லா,

முடியாது என்று சொல்லிவிடு. தலைவலி என்று சொல், கை சுளுக்கு என்று சொல். போதகர் மகள் எழுதட்டும். யாரும் எழுதாவிட்டால் இன்னும் நல்லது. அவன் சொல்வதைக் கேட்க வேண்டிய அவசியம் உனக்கு இல்லை. காட்டிக்கொடுத்த ஒவ்வொருவனும் பிறகு ஒரு கதை வைத்திருப்பான். மிரட்டினார்கள், கட்டி வைத்தார்கள், எனக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். இங்கே என்னைச் சுற்றி இருநூறு பேர் இருக்கிறார்கள், இருநூறு பேரும் நிரபராதி.

என் ஆளிடம் பேசிவிட்டேன். மூன்றாம் தேதி வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், அதற்கு முன் அவனால் வர முடியாதாம். நிகானோர் வாயைத் திறப்பதற்கு முன்னால் முடிந்தால் நல்லது.

அன்று நான் மட்டும் லோரிகாவில் மாமா வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் எல்லாமே வேறாக இருந்திருக்கும். இதை உனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்.

எழுதாதே. கேட்டாயா?

ஒபேத்

*

பால்மீத்தா
10 மார்ச்

அன்புள்ள அண்ணா,

காய்ச்சல் ஏதுமில்லை, நலம். உன் கடிதம் நேற்று மாலைதான் கைக்கு வந்தது. அதற்குள் அவன் வந்து போய்விட்டான்.

போன ஞாயிறு இரண்டாவது முறை வாசித்தார்கள். அன்றும் சும்மாதான் இருந்தேன்.

அவன் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். நான் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னான். பிறந்தது, தாய் இறந்தது, குடி, மனைவி எதில்மாவை அடித்தது, குடியை விட்டது, பாரன்கியாவில் ஒரு கூடாரக் கூட்டத்தில் கர்த்தரை ஏற்றுக்கொண்டது எல்லாம் வந்தது. ஒரு கோழி திருடியதைக்கூடச் சொன்னான். நிறம்வரைக்கும் சொன்னான்.

"புள்ளி போட்ட கோழி. அதையும் எழுதிக்கம்மா."

"எழுதிட்டேன். கோழிக்குப் பேர் இருந்துச்சா?"

அவன் வாசல் பக்கம் திரும்பினான்.

"கோழி நல்லா ஞாபகம் இருக்கு உங்களுக்கு. ரெண்டாயிரத்து ஒண்ணுல என்ன பண்ணீங்க? அந்த வருஷம் மட்டும் காணோமே."

தன் கால்விரல்களைப் பார்த்தான். பிறகு, "அடுத்த வாரம் வரேம்மா. அது ஒரே மூச்சுல வராது," என்றான்.

"உங்களுக்கு எத்தனை மூச்சு வேணும்? எங்கப்பாவுக்கு ஒண்ணுதான் இருந்துச்சு."

இதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு இன்பமாக இருந்தது தெரியுமா? வேலை முடிந்து வந்து குளிர்ந்த நீரில் முகம் கழுவுவதுபோல.

கெய்லா

*

பால்மீத்தா
17 மார்ச்

அண்ணா,

வாழ்த்து எழுதும் நிலையில் நான் இல்லை. அவன் நேற்று சொன்னதை, அவன் வாயில் வந்தபடியே எழுதினேன். அதன் நகல் இது:

"முகமூடிப் படைக்காரங்க மொதல்ல என்னத்தான் புடிச்சாங்க. ரெண்டு நாள் மாட்டுக் கொட்டகையில போட்டு வச்சிருந்தாங்க. மூணு பேரு குடுத்து, வீட்டக் காட்டுன்னாங்க. காட்டுனேன். மொத வீடு வெந்தூரா வீடு. ரெண்டாவது டீச்சரம்மா வீடு. ரெண்டு பேரும் செத்தாங்க. கடைசிப் பேரு ஒபேத் பெர்ரீயோ. அப்பன் இல்ல, மவன். படைக்காரங்களோட சண்ட போட்ட மலைக்காரங்கள ராத்திரியில தெப்பத்துல ஏத்தி அக்கரை விட்டவன் சின்ன ஒபேத்துதான். எல்லாருக்கும் தெரியும். நாங்க போனப்ப பெரியவரு தெப்பக் கம்பிக்கு எண்ணெ போட்டுட்டு இருந்தாரு. முகமூடிக்குள்ள என் கண்ணப் பாத்தாரு. 'நிகானோர், காப்பி கொதிக்குது, குடிச்சிட்டுப் போ'ன்னாரு. தலைவன் கேட்டான், இங்க ஒபேத் பெர்ரீயோ யாருன்னு. 'நாந்தான். அப்பனும் மவனும் ஒரே பேரு, ஆனா நீங்க தேடி வந்தது என்னத்தான்'ன்னாரு பெரியவரு. அவன் என்னப் பாத்தான். பெரியவரும் என்னப் பாத்தாரு. தொப்பியக் கழட்டிக் கம்பி மரத்துல மாட்டுனாரு. நான் கைய நீட்டி, இவர்தான்னு சொன்னேன். பொய்யின்னு தெரிஞ்சே சொன்னேன். அப்ப நிமிந்து பாத்தேன். மேல மக்காச்சோளப் பரண்ல, பலக இடுக்குல, பையன் கண்ணு ரெண்டும் தெரிஞ்சுது. அதச் சொல்லல. சொல்லாததால நான் நல்லவன் ஆயிட மாட்டேன். மத்த ரெண்டு வீட்டுல யாரும் குறுக்க வரல, அங்க நான் பொய் சொல்லவும் இல்ல."

இதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டான். கொடுக்கவில்லை. தானே போய்ப் பானையில் மொண்டு குடித்தான்.

முதலில் நம்பவில்லை. நீ சொன்னதுபோல ஒரு கதை என்றுதான் நினைத்தேன். பிறகு உன் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அப்பா தொப்பியைக் கழற்றிக் கம்பி மரத்தில் மாட்டினார் என்று எழுதியிருக்கிறாய். மேசைக்கு அடியிலிருந்து அப்பா பேசியது எனக்குக் கேட்கவில்லை, தொப்பியும் தெரியவில்லை. நான் வெளியே வந்தபோது கம்பி மரத்தில் எதுவும் இல்லை, அதனால் தொப்பியைப் பற்றி உனக்குச் சொன்னதே இல்லை. அம்மா அப்போது சந்தையில் இருந்தாள். நீ லோரிகாவில் இருந்தாய்.

தொப்பி உனக்கு எப்படித் தெரிந்தது, அண்ணா?

நீ அவனைக் கொல்லச் சொன்னது அப்பாவுக்காக இல்லை. பரணில் இருந்த உன் கண்களைப் பார்த்தவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். அவன் வாய் திறப்பதற்கு முன்னால் முடிந்தால் நல்லது என்றாயே, அது இதற்குத்தான்.

உன் ஆளைத் திரும்ப அழைத்துக்கொள். இரக்கத்தால் சொல்லவில்லை. யோசித்துப் பார். அவன் விசுவாசித்துவிட்டான், என் காதால் கேட்டேன். இன்று அவனைக் கொன்றால், இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனைப்போல அவன் அன்றைக்கே பரதீசில் இருப்பான். நம் செலவில் அவனை அங்கே அனுப்பி வைக்க நான் தயாராக இல்லை. அவன் வாழட்டும். எண்பது வயதுவரை, அந்தத் துறையிலேயே, தெரிந்தவர்கள் நடுவில்.

அந்த இலவசம் அவனுக்குக் கிடைக்கக் கூடாது என்று எழுதினேன் அல்லவா? நீ பதினைந்து ஆண்டுகளாக விடுகிற மூச்சு இலவசம். அதற்காக நீ எதுவும் செய்யவில்லை. மேலே சும்மா படுத்திருந்தாய். கொடுத்தவர் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதை வாங்கிக்கொண்டு நீ என்ன செய்தாய்? மதுக்கடையில் ஒருவனைக் குத்திவிட்டு உள்ளே போனாய்.

பதில் எழுது.

கெய்லா

*

பால்மீத்தா
29 மார்ச்

அண்ணா,

நலமா? பதில் இல்லை. சனிக்கிழமை நீ பார்வையாளர் முற்றத்துக்கே வரவில்லையாம், கடிதத்தை உன் அறைக்காரனிடம் கொடுத்ததாக லீடியா அக்கா சொன்னாள். அவன் கொடுத்தானா?

ஞாயிறுக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. தேதியை எழுதிக் கொடுத்தவள் நான்.

அவனிடம் போய், ஞாயிற்றுக்கிழமை வராதே, உன்னைக் கொல்ல ஆள் வருகிறது என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இரண்டு முறை துறைவரை போனேன். அவன் என்னைப் பார்த்ததும் தெப்பத்தை நிறுத்தினான். நான் திரும்பி வந்துவிட்டேன்.

கெய்லா

*

பால்மீத்தா
5 ஏப்ரல்

அண்ணா,

இது உன் கையில் சேருமோ தெரியாது. நடந்ததை எழுதி வைக்கிறேன்.

ஒன்பது மணிக்கு ஐந்து பேரும் தண்ணீரில் நின்றார்கள். கரை முழுக்க ஊர். துறைக்கு மேலே மரநிழலில் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை. நம் ஊரில் யாரும் அவனை அறியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது.

நிகானோரின் முறை வந்தது. போதகர் யெரெமியாஸ் இடுப்பளவு நீரில் நின்று கேட்டார்: "இவர்மேல் யாருக்காவது குறை உண்டா?"

கை தூக்கினேன்.

"சும்மா இரு புள்ள, வெயில் ஏறுது. கிழங்கு வேற அடுப்புல கெடக்கு," என்றாள் பக்கத்தில் இருந்த தோனா பெர்த்தா.

"சகோதரி, ரெண்டு தடவை கேட்டேன், சும்மா இருந்தீங்களே?" என்றார் போதகர்.

"ரெண்டு தடவையும் பொய் சொன்னேன் பாஸ்டர்."

"என்ன வேணும் உங்களுக்கு?"

"அவர் சாட்சியை வாசிக்கணும். முழுசா. அவருக்கு வாசிக்க வராது. நான் வாசிக்கிறேன்."

அது அவன் சாட்சி, அதனால் அவன் சொற்களிலேயே வாசித்தேன். "நான் வீட்டக் காட்டுனேன்" என்று வாசித்தேன். "நான் கைய நீட்டுனேன்." அந்த 'நான்' என் வாயில் வரும்போது ஊரே என்னைப் பார்த்தது. டீச்சரம்மாவின் மகன் அங்கேதான் நின்றான். ஒரு வரியையும் விடவில்லை. பரணையும் விடவில்லை. உன் கண்களையும் விடவில்லை. இனி ஊருக்கே தெரியும் அண்ணா. அதை வேண்டுமென்றேதான் வாசித்தேன்.

எதில்மா சின்ன மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேடேறிப் போய்விட்டாள். பெரியவள் அசையாமல் நின்றாள். டீச்சரம்மாவின் மகன் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசினான், அது நிகானோரின் தோளில் பட்டு உடைந்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

"உண்மையா இது?" என்று போதகர் கேட்டார்.

"எழுத்துக்கு எழுத்து உண்மை."

"சகோதரி கெய்லா, மன்னிக்கிறீங்களா?"

"இல்ல."

போதகர் நிகானோரின் தோளில் கை வைத்தார். பிறகு ஊரைப் பார்த்துச் சொன்னார்: "குறை இருந்தா சொல்லணும்னுதான் நம்ம வழக்கம். குறை தீரணும்னு இல்ல. நாம விட்டுக்குடுத்து இவரு உள்ள போகல. நாம தடுத்து இவர வெளிய நிறுத்தவும் முடியாது."

முக்கினார். அப்பா விழுந்த இடத்திலிருந்து பத்தடி தூரம் இருக்கும். மூக்கில் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டே எழுந்தான். அவன் முகத்தில் ஒளி ஏதாவது தெரிகிறதா என்று வெறுப்போடு தேடினேன். நனைந்த கிழவன் ஒருவன்தான் தெரிந்தான்.

திரும்பிப் பார்த்தபோது மோட்டார் சைக்கிள் இல்லை.

என் பழி தீர்ந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து ஆறிய காப்பியைக் குடித்தேன். தீர்ந்ததா என்று இன்னும் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுத இன்று மனம் வரவில்லை. பழக்கத்தால் எழுதுகிறேன்.

கெய்லா

*

13 ஆகஸ்ட்

கெய்லா,

நீ நலமா? இதை நான் உன்னிடம் எந்தக் கடிதத்திலும் கேட்டதில்லை என்று உன் கடிதங்களைத் திரும்பப் படித்தபோதுதான் தெரிந்தது.

எல்லாக் கடிதங்களும் வந்தன. மார்ச் பதினேழாம் தேதிக் கடிதம் ஏப்ரல் மூன்றாம் தேதிக்கு முன்பே வந்துவிட்டது. என் ஆளை நான் திரும்ப அழைக்கவில்லை. அது உனக்குத் தெரிய வேண்டும். அழைக்க வழி இருந்தது, நேரமும் இருந்தது.

அவன் மே மாதம் என்னைப் பார்க்க வந்தான். "ஏண்டா செய்யல?" என்று கேட்டேன். "உன் வேலைய உன் தங்கச்சி முடிச்சிட்டா. அதுக்கப்புறம் அங்க சுடறதுக்கு யாரும் மிச்சமில்ல, உன்னத் தவிர," என்றான்.

அப்பா மேலே பார்க்கவே இல்லை கெய்லா. தொப்பியை மாட்டினார், திரும்பினார், ஒருமுறைகூடப் பரணைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர்களும் பார்த்திருப்பார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பதினைந்து வருஷமாக எனக்கு அவர்மேல் கோபம், ஏன் என்னைப் பார்க்கவில்லை என்று. நிகானோர் மட்டும்தான் பார்த்தான். அதற்காக அவனை வெறுத்தேன்.

நீ எழுதினாயே, சும்மா படுத்திருந்து வாங்கிக்கொண்டேன் என்று. அந்தத் தாள் மடித்து மடித்துக் கிழிந்துவிட்டது. எதையாவது செய்து அந்தக் கடனை அடைத்துவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் யாரையாவது குத்தப் பார்த்தேன். அடைக்க முடியாதாம். இங்கே சிறைச் சபைப் போதகர் சொல்கிறார், அடைக்க வேண்டாம், வாங்கிக்கொண்டேன் என்று சொன்னால் போதும் என்று. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை, இப்போது வந்துவிட்டது.

செப்டம்பரில் இங்கே ஞானஸ்நானம். சொந்த ஊர்ச் சபையிலிருந்து கடிதம் வேண்டுமாம். இன்னார் மேல் குறை உண்டா, இல்லையா என்று செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். செயலாளர் நீ.

எழுத வேண்டாம் என்று தோன்றினால் எழுதாதே. எழுதினால் பொய் எழுதாதே.

ஒபேத்

*

பால்மீத்தா சபை
30 ஆகஸ்ட் 2016

சிறைச் சபைப் போதகருக்கு,

கிறிஸ்துவுக்குள் வணக்கம். தாங்களும் தங்கள் சபையாரும் சுகமாயிருக்க வேண்டுகிறோம்.

பெயர்: ஒபேத் பெர்ரீயோ, இளையவர்.
தகப்பன்: ஒபேத் பெர்ரீயோ, காலமானவர்.
இவர்மேல் இந்தச் சபையில் யாருக்காவது குறை உண்டா: உண்டு.
யாருக்கு: கீழே கையெழுத்திடும் செயலாளருக்கு.
குறை சொல்லப்பட்டதா: ஆம், ஊர் முன்னிலையில்.
குறை தீர்ந்ததா: இல்லை.
ஞானஸ்நானத்துக்குத் தடை உண்டா: இல்லை.

கெய்லா பெர்ரீயோ
செயலாளர்

*

செப்டம்பர் பதினெட்டாம் தேதி, சிறை முற்றத்தில், மழைநீர் பிடிக்கும் நீலத் தொட்டியில் அண்ணனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. நான் போகவில்லை. லீடியா அக்கா போயிருந்தாள். இவர்மேல் யாருக்காவது குறை உண்டா என்று மூன்றாம் முறை கேட்டபோது, தொட்டிக்குள் நின்ற அண்ணன்தான் கை தூக்கினானாம். எதில்மா டிசம்பரில் வீடு திரும்பினாள். நிகானோர் இன்றும் தெப்பம் இழுக்கிறான். அக்கரையில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்குப் பாலம் வழியாகச் சுற்றிப் போகிறேன். ஒன்றரை மணி நேரம் ஆகிறது.